திருப்பிப் போட்ட படம்

இல்ல சார், மேல வைக்க முடியாது. கண்டக்டரும் சொல்லிப் பாத்துட்டாரு, டிரைவர் பக்கத்துல வைங்கன்னு. மாட்டேன்னுட்டேன். மடியிலயே இருக்கட்டும். உங்க முழங்கால்ல இடிச்சாச் சொல்லுங்க, இந்தப் பக்கமா சாச்சுக்கிறேன். அண்டாதான் சார், பித்தளை அண்டா. போர்வையச் சுத்தியிருக்கிறதால என்னமோ மாதிரித் தெரியுது. மதுரையில ஏறும்போது ஒரு அம்மா, உள்ள கோழி இருக்கான்னு கேட்டாங்க.

திருப்பூர் வரைக்குமா நீங்க? நல்லது. நானும் அங்கதான், கோயில்வழி ஸ்டாப்புல இறங்கணும். எம் பேரு குருவையா. அருப்புக்கோட்டையில ஒரு பாத்திரக் கடையில பேர் வெட்டுறேன். சீர்ப் பாத்திரம் பேர் வெட்டாம கடைய விட்டு வெளிய போகாதுல்ல, அந்த வேலை. இருபத்தாறு வருஷமாச்சு. சும்மா சொல்லக்கூடாது, என் எழுத்து தனியாத் தெரியும். மத்தவங்க வெட்டினா எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நான் ஆழமா வெட்டி, மேல கறுப்பு மையத் தேய்ச்சு விடுவேன். பத்தடி தள்ளி நின்னு வாசிக்கலாம். அதுதான் சார் வினையே.

நேரம் இருக்குல்ல உங்களுக்கு? தாராபுரமே இன்னும் வரல. சொல்றேன்.

போன்ல மேப் இருக்குல்ல, அதுல தெருவப் பாக்கிற வசதி உண்டு, பாத்திருக்கீங்களா? கார் மேல ஒரு கம்பத்த நட்டு, உச்சியில பந்து மாதிரி ஒரு கேமராவ மாட்டி, தெருத் தெருவா ஓட்டிட்டுப் போவாங்க. எடுத்த படத்தையெல்லாம் மேப்புல ஏத்திடுவாங்க. நாம போன்லயே தெருவுக்குள்ள நடந்து போகலாம். எனக்கு அதுல ஒரு கிறுக்கு. கடையில ஆள் இல்லாத நேரமெல்லாம் அதத்தான் நோண்டிட்டு இருப்பேன். வழி தேட இல்ல, வேடிக்கை பாக்க. என்னென்ன மாட்டும்கிறீங்க. ஒரு ஊர்ல பஸ் ஸ்டாப் நிழல்ல ரெண்டு மாடு படுத்திருக்கு, வெளிய வெயில்ல ஏழு பேரு வரிசையா நிக்கிறாங்க. இன்னொரு ஊர்ல ஒரு அம்மா ரோட்டுல மிளகாய் காயப் போட்டிருக்கு. கார் அது மேல ஏறிடும்னு முறத்தத் தூக்கிக்கிட்டு ஓடி வருது. அம்புக் குறிய அமுக்க அமுக்க, நாலு படத்துக்கு விடாம துரத்துது. ஒரு நாய்க்கு ஆறு காலு. ஒரு ஆளுக்கு இடுப்பு வரைக்கும் இங்க, வேட்டி மட்டும் அடுத்த வீட்டு வாசல்ல.

மனுசங்க மூஞ்சிய மெஷினே அழிச்சிடும். யாருன்னு தெரியக்கூடாதுல்ல, புகை மாதிரி ஆக்கிடும். வண்டி நம்பரையும் அழிச்சிடும். அந்த மெஷினுக்கு மூளை கம்மி சார். புது வீட்டுக்குத் திருஷ்டிக்குன்னு கட்டித் தொங்க விட்டிருக்காங்கல்ல பூதப் பொம்மை, அதுக்கும் மூஞ்சிய அழிச்சு வச்சிருக்கு. வீட்டு மேல யாரு கண்ணும் படக்கூடாதுன்னு மாட்டினதே அதத்தான், அது மானத்த இது காப்பாத்துது.

இதையெல்லாம் எடுத்து எங்க கடைவீதி வாட்ஸ்அப் குரூப்புல ஞாயித்துக்கிழமை தோறும் போடுவேன். முந்நூறு பேரு இருக்கிற குரூப்பு. குருவையா, இந்த வாரம் என்னன்னு காலையிலயே கேட்டு மெசேஜ் வந்திரும். அதுல ஒரு பெருமை எனக்கு, இல்லைங்கல. யாரையும் புண்படுத்தி ஒண்ணு போட்டதில்ல. நான் அந்த மாதிரி ஆள் கிடையாது.

போன ஐப்பசியில எங்க ஊருக்கே புதுப் படம் ஏத்தியிருந்தான். ஆறு மாசத்துக்கு முந்தி, சித்திரை வெயில்ல எடுத்தது. நம்ம ஊர்னா விடுவமா? ஒவ்வொரு தெருவா நடந்தேன். காளியம்மன் கோயில் பின்பக்கம், ஒரு குறுகலான முடுக்குத் தெரு. ஈ காக்கா இல்ல. நடுத்தெருவுல ஒரு அண்டா நடந்து போகுது.

ஆமா சார், அண்டா. கவுத்துன அண்டாவுக்குக் கீழ ரெண்டு காலு. தோள்பட்டை வரைக்கும் இறங்கியிருக்கு. கையி ரெண்டும் விளிம்பப் பிடிச்சிருக்கு. மடிச்சுக் கட்டின வேட்டி, தேஞ்ச செருப்பு. மெஷினுக்கு அழிக்க மூஞ்சியே இல்ல. சிரிச்சு சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. இந்த வாரத்துக்கு இதுதான்னு உடனே போட்டேன். நம்ம ஊர்ல அண்டாவுக்குக் கால் முளைச்சிருச்சுன்னு எழுதினேன். குரூப்பு ரெண்டாயிருச்சு. ஒருத்தன், தண்ணி வரல, அண்டாவே தேடிப் போகுதுங்கிறான். இன்னொருத்தன், ஹெல்மெட் போடலைன்னு பிடிச்சாங்கல்ல, போட்டுட்டாருங்கிறான். அதோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல. சத்தியமா ஒண்ணுமே இல்ல.

ஜோதிமணின்னு ஒருத்தன். எதிர்க் கடையில அவனும் பேர் வெட்டுறவன். அவனுக்கும் எனக்கும் ஆகாது. அவன் போடுறான்: அண்டாவுல கறுப்பா என்னமோ கிறுக்கியிருக்கு, குருவையா வேலைதான் போல, ஒரு எழுத்தும் விளங்கலன்னு. அதுக்கு முப்பது பேரு சிரிக்கிறான்.

நீங்களே சொல்லுங்க சார். அண்டா கவுந்திருக்கு, எழுத்தும் கவுந்துதான் இருக்கும். இது ஒரு குத்தமா? நான் படத்தப் பெருசாக்கினேன். அந்த இடத்த மட்டும் வெட்டி எடுத்தேன். தலைகீழாத் திருப்பிக் குரூப்புல போட்டேன். ஓடுற கார்ல இருந்து எடுத்த படம் சார், அச்சடிச்ச மாதிரி நிக்குது எழுத்து. சீ. தமயந்தி. புள்ளி கூடத் தெரியுது.

நான் வேற ஒரு வார்த்தை எழுதல. வேணும்னா போனத் தாரேன், பாத்துக்கோங்க. ஜோதிமணி, இப்ப வாசின்னு மட்டும் எழுதினேன். அவ்வளவுதான்.

தமயந்தி யாருன்னு கேக்கணும்ல நீங்க. மாவு மில் வச்சிருக்காரு சீனிவாசகம் அண்ணாச்சி, அவரு மக. அண்ணாச்சி சம்சாரம் தவறிப்போயி பத்து வருஷம் ஆச்சு. ஒரு மகன், ஒரு மக. மகன் மகேந்திரன் பெயிண்டுக் கடை வச்சிருக்கான். கோவக்காரன். தமயந்தி லோடு ஆட்டோ ஓட்டுற ஒரு பையனோட ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிடுச்சு. அவங்க ஆளுங்க இல்ல அந்தப் பையன். வீட்டுல தலை முழுகினாங்க. மகேந்திரன் நடு வீட்டுல நின்னு, யாராவது அவ வாசல் ஏறினா நான் பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு வெளிய போயிருவேன்னுட்டான். எனக்கு மக இல்லைன்னு ஊர்ல எல்லார்ட்டயும் அண்ணாச்சியே சொன்னாரு. என்ட்டயும் சொன்னாரு, கடை வாசல்ல நின்னு.

ஆனா அவளுக்குன்னு வருஷக்கணக்கா சேத்து வச்ச சீர்ப் பாத்திரமெல்லாம் பரண்ல கிடந்துச்சு. மொத்தமும் நான் வெட்டினது. அவரு என்ன பண்ணியிருக்காரு தெரியுமா? மாசத்துல ஒரு நா பராமரிப்புன்னு காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் எடுத்திருவாங்கல்ல, அன்னிக்கு மில்லு ஓடாது. மகன் பெயிண்டுக் கடையில. அன்னிக்கு மட்டும் பரண்லருந்து ஒரு பாத்திரத்த இறக்கி, பையில போட்டு, சந்து பொந்தா நடந்தே போயி மக வீட்டுல குடுத்துட்டு, அவ கையால சாப்பிட்டுட்டு வந்திருவாரு. ஆட்டோவுல போனா ஆட்டோக்காரன் வாய் சும்மா இருக்குமா? அதனால நடை. மாசம் ஒரு பாத்திரம். குடம், போசி, தாம்பாளம், இட்லிக் கொப்பரை. அப்ப யாருக்கும் தெரியாது. கடைசியா மிச்சம் இருந்தது அண்டா. அது எந்தப் பைக்குள்ள போகும்? உச்சி வெயில்ல தலையில கவுத்துக்கிட்டாரு. யாரு எதுக்க வந்தாலும் மூஞ்சி தெரியாதுல்ல. அன்னிக்குன்னு பாத்து அந்தக் கார் அந்த முடுக்குல வந்திருக்கு.

மூஞ்சிய மறைச்சாரு. பேரு வெளியில இருந்துச்சு. மெஷினுக்கும் நம்ம ஊர்ல பாத்திரத்துல பேர் வெட்டுவாங்கன்னு தெரியாது.

மகேந்திரன் அந்தக் குரூப்புல இருக்கான். படத்தப் பாத்த உடனே மேப்பத் திறந்து, அம்புக் குறிய அமுக்கிக்கிட்டே போயிருக்கான். அடுத்த படத்துல அண்டா ஒரு வீட்டு வாசல்ல நிக்குது. கார் திரும்பி வரும்போது எடுத்த படத்துல அண்டா கீழ இருக்கு, அண்ணாச்சி படியில உக்காந்திருக்காரு, ஒரு பொண்ணு செம்புல தண்ணி நீட்டுது. ரெண்டு பேரு மூஞ்சியும் புகைதான். பெத்தவனையும் கூடப் பொறந்தவளையும் மூஞ்சி பாத்தா அடையாளம் கண்டுபிடிக்கணும்? நேரா வீட்டுக்குப் போயி ஏணிய வச்சுப் பரண்ல ஏறியிருக்கான். பரண் காலி.

நான் ஒரு மணி நேரத்துல படத்த அழிச்சிட்டேன் சார். குரூப்புல சத்தம் திடீர்னு நின்னு போச்சேன்னு பாத்துத்தான் அழிச்சேன். அதுக்குள்ள நாப்பது பேரு எங்கெங்கயோ அனுப்பிட்டான்.

மறுநாள் மகேந்திரனும் அவன் சித்தப்பனும் தமயந்தி வீட்டுக்குப் போனாங்க. அந்தப் பிள்ளைக்கு அப்ப எட்டு மாசம். தெருவே பாக்க அண்டாவத் தூக்கி வெளிய வச்சாங்க. எங்கப்பன் எழுத்துப் போட்ட சாமான் இந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னானாம். வீட்டு ஓனர்ட்ட என்ன சொன்னாங்களோ, ஒரே வாரத்துல அதுகள காலி பண்ணச் சொல்லிட்டாரு. வயித்துப் பிள்ளையோட திருப்பூருக்கு வந்திருச்சுங்க. அண்ணாச்சிய குலசாமி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கற்பூரத்த ஏத்தி, அணைச்சுச் சத்தியம் பண்ண வச்சாங்க. மக வாசல மிதிக்க மாட்டேன், மக குரலக் கேக்க மாட்டேன். போன்ல கூடப் பேசக் கூடாதாம். பண்ணிட்டாரு. பண்ணலைன்னா பேரனத் தூக்கிட்டு மகன் போயிருவான்ல.

அதுக்கப்புறம் நான் மில்லுக்கு மாவரைக்கப் போகல. என் பொண்டாட்டிய அனுப்புவேன். வேலை ஜாஸ்தின்னு சொல்லிக்கிட்டேன். பாத்திரத்துல யாரு பேர எழுதிக் குடுத்தாலும் அந்தப் பேருதான் கண்ணுக்குள்ள வரும். ஒரு குத்துவிளக்குல வேற பேருக்குப் பதிலா 'த'ன்னு வெட்டிட்டேன் சார். இருபத்தாறு வருஷத்துல ஒரு எழுத்து தப்பினதில்ல. முதலாளி என்னடா ஆச்சு உனக்குன்னாரு. கண்ணு சரியில்லன்னேன்.

மூணு மாசம் கழிச்சு, போன வாரம், அண்ணாச்சி கடைக்கு வந்தாரு. திட்டத்தான் வர்றாரு, திட்டட்டும், ரெண்டு அடி அடிச்சாலும் வாங்கிக்கிருவோம்னு எந்திரிச்சு நின்னேன். தோள்ல இந்த அண்டா. எறக்கி வச்சாரு. மகேந்திரன் அத மில்லு மூலையில போட்டிருந்தானாம். பாலீஷ் போடன்னு சொல்லி எடுத்துட்டு வந்திருக்காரு.

"குருவையா, இந்தப் பேர எடுத்துரு. சுத்தமா எடுத்துரு. எம் பேரு எழுத்து இல்லைன்னா எவனும் உரிமை கொண்டாட முடியாதுல்ல. எடுத்துட்டு, நீயே கொண்டு போயி அவட்ட குடுத்துட்டு வாரியா? நான் போக முடியாதுப்பா. பொம்பளப் பிள்ளை பொறந்திருக்காம், யாரோ சொன்னாங்க. பேரு என்ன வச்சிருக்குன்னு தெரியல. அந்த இடத்துல பிள்ளை பேர வெட்டிக் குடுத்துரு. குளிப்பாட்ட வென்னி போட ஆகும். உன்ன விட்டா நான் வேற யாருட்டக் கேப்பேன்."

உன்ன விட்டா யாருட்டக் கேப்பேன்கிறாரு சார். என் கையப் பிடிச்சுக்கிட்டு.

திருப்பிப் போட்டது நான்தான்னு அவருக்குத் தெரியல. ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியல. அவர்ட்ட பட்டன் போன். மகனோட பேச்சுவார்த்தை இல்ல. யாரு சொல்லுவா? போகும்போது கேட்டாரு, "அந்தப் படத்த எவனோ திருப்பிப் போட்டானாமே, அவன் யாருன்னு உனக்குத் தெரியுமாப்பா?" நான் தெரியாது அண்ணாச்சின்னேன். வேலை வெட்டி இல்லாத சின்னப் பசங்க பண்ணுறதுன்னேன். பண்ணினவன் நல்லா இருப்பானான்னு வேற சேத்துக்கிட்டேன். அவரு, விடு, சாபமெல்லாம் விடாத, அவனும் பிள்ளைகுட்டிக்காரனா இருப்பான்னுட்டுப் போறாரு.

ரெண்டு நா தேய்ச்சேன். ஆழமா வெட்டினதுல்ல, லேசுல போகல. இங்க பாருங்க, போர்வைய விலக்கிக் காட்டுறேன். இந்த இடத்துல தடவுங்க. கொஞ்சம் பள்ளமா இருக்கா? அதுக்கு மேல தேய்ச்சா ஓட்டை விழுந்திரும்.

நான் முதல்ல உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன். இல்ல, பொய்யின்னு இல்ல, முழுசாச் சொல்லல. ஜோதிமணிக்காகத் திருப்பினேன், தமயந்தி நினைப்பே வரலைன்னுதான் வீட்டுலயும் சொன்னேன், கடையிலயும் சொன்னேன். எத்தனையோ தமயந்திக்கு வெட்டியிருக்கேன், எத ஞாபகம் வைக்கன்னு சொன்னேன். பொய்யி. திருப்பின அந்த நிமிஷமே தெரியும். இது அண்ணாச்சி வாங்கின அண்டா, அந்த வேட்டி அண்ணாச்சி வேட்டி, அந்தத் தெருவுலதான் அந்தப் பிள்ளை குடியிருக்கு. எல்லாம் தெரியும். ஒரு நிமிஷம் கட்ட விரல அப்படியே வச்சிருந்தேன். எழுத்து எவ்வளவு நல்லா விழுந்திருக்குன்னு பாத்தேன். அமுக்கிட்டேன்.

காலையில மதுரை பஸ் ஸ்டாண்டுலருந்து அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டேன். நம்பர் அண்ணாச்சிதான் குடுத்தாரு. அவரு எவர்ட்டயோ வாங்கி, கூப்பிடாமலே வச்சிருந்த நம்பரு. அம்மா, இன்ன மாதிரி அப்பா அண்டா குடுத்து விட்டாருன்னேன். நீங்கதான அந்தப் பேர் வெட்டுறவருன்னு கேட்டுச்சு. ஆமாம்மா. நீங்கதான அந்தப் படத்தத் திருப்பினதுன்னுச்சு. ஆமாம்மான்னேன். என்ன செய்ய, அதுட்ட மறைக்க முடியாது, அதுவும் போன் வச்சிருக்கு. அப்பாவுக்குத் தெரியுமான்னுச்சு. அவர்ட்ட பட்டன் போனும்மான்னேன். அது அழல, கத்தல சார், தன்மையாச் சொல்லுச்சு. "அப்பாட்டச் சொல்லிட்டு வாங்க. சொல்லலைன்னா வாசல் பக்கம் வராதீங்க. எங்கப்பா உங்கள நல்லவர்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது." அதோட வச்சிருச்சு.

மதுரையிலருந்து நாலு தடவை அண்ணாச்சிக்குப் போட போன எடுத்தேன். திண்டுக்கல்ல டவர் இல்லன்னு நினைச்சுக்கிட்டேன். ஒட்டன்சத்திரத்துல டீ குடிச்சிட்டுப் பேசுவோம்னேன்.

கொடுவாய் தாண்டிட்டோமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான்.

சார், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே. நீங்களும் அந்தப் பக்கம்தான் போறீங்க. உங்கள அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கோயில்வழியில இறங்கி ரெண்டாவது சந்து, பச்சைக் கேட்டு. அப்பா குடுத்து விட்டாருன்னு மட்டும் சொல்லிக் குடுத்துருங்களேன். நான் இப்படியே எதுத்த பஸ்ஸப் பிடிச்சுத் திரும்பிருவேன். அண்டா போய்ச் சேந்தாப் போதும்ல. அண்ணாச்சி கேட்டதும் அதத்தான. பேர் அப்புறமா யாராவது வெட்டிக்கிடட்டும். ஜோதிமணி மாதிரி ஆளுங்க அங்கயும் இருப்பாங்க.

ஏன் சார் அப்படிப் பாக்கிறீங்க? இவ்வளவு நேரம் கதை சொன்னது இதுக்கா? ஆமா. இதுக்குத்தான்னு வச்சுக்கோங்க. பஸ்ல ஏறினதும் உங்க முகத்தப் பாத்தேன், நல்ல மனுசனாத் தெரிஞ்சீங்க.

மாட்டீங்களா. சரி. ஏன் போன நீட்டுறீங்க? வேணாம், என்ட்ட இருக்கு, சார்ஜும் இருக்கு. அண்ணாச்சி நம்பரும் மேலதான் இருக்கு. இந்த அண்டாவக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.

அண்ணாச்சி, குருவையா. ஆமா, பஸ்லதான். இன்னும் குடுக்கல. பத்திரமா இருக்கு. அண்ணாச்சி, அன்னிக்குக் கேட்டீங்கல்ல, படத்த யாரு திருப்பிப் போட்டான்னு. நான்தான். சின்னப் பசங்க இல்ல, நான்தான் அண்ணாச்சி. உங்க அண்டான்னு தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். உங்கட்டப் பொய் சொன்னேன். இருக்கீங்களா? ம். ஆமா, அதுக்குத் தெரியும். அதுதான் சொல்லச் சொல்லுச்சு. சரி. சரி அண்ணாச்சி. சரி.

வச்சுட்டாரு.

திட்டல சார். எவனோ மாவரைக்க வந்திருக்கான் போல, பின்னால பெல்ட்டு ஓடுற சத்தம். அவளுக்குத் தெரியுமான்னு கேட்டாரு. பெறகு மில்ல நிப்பாட்டிட்டு வந்து பேசினாரு. "போயி பிள்ளை பேரக் கேளு. நல்லா வெட்டிக் குடு. வெட்டி முடிச்சதும் எனக்குப் போன் பண்ணி, அந்தப் பேர மட்டும் சொல்லு. அதுக்குப் பெறகு எங்கிட்டப் பேசாத."

அவ்வளவுதான் சொன்னாரு.

குடுங்க சார், அண்டாவ. ஸ்டாப்பு வந்திருச்சு.